நெற்றி பட்ட கண்ணாடி

இஞ்சாருங்கோ,

சோறு குக்கருக்குள்ளை இருக்கு. பல்லரோச் சந்தையிலை வாங்கின சூரை மீன் கறி அடுப்பிலை. சூடாக்கிச் சாப்பிடுங்கோ. வீட்டுச் சாவி கீழ் வீட்டிலை.

ஏணியைத் தேடாதேங்கோ, நான் கொண்டுபோறன். ஏணியோடை பஸ்ஸிலை ஏறினால் வெக்கம் எண்டீங்கள். ஏறத்தான் போறன். லிபெர்த்தா வீதியிலை ஒரு வீடு, துடைக்கப் பதினொரு யன்னல், என்ரை பேரிலை பதிஞ்ச தொழிலுக்கு முதல் வேலை. பன்னிரண்டு வருசம் இத்தாலிக்காரச் சின்யோறா வீட்டிலை வேலைக்கு நிண்டு கேட்ட ஏவல் போதும்.

ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலிலை எல்லாருக்கும் முன்னாலை, "சறோஜாவுக்கு யன்னல் துடைக்க என்ன அனுபவம் இருக்கு?" எண்டு கேட்டுச் சிரிச்சீங்கள். இல்லைதான். எங்கடை பல்கனிக் கதவிலை பழகேக்கை, சட்டி கழுவுற மாதிரிச் சவுக்காரத்தை அள்ளி ஊத்தி, உச்சி வெயிலுக்கை துடைச்சு, கண்ணாடி முழுக்கக் கோடு விழுத்தினன். அதுக்குப் பிறகு சிறொக்கோ காத்து செம்மண் தூசியைக் கொண்டுவந்து அதிலை அப்பிச்சுது. நேற்று விடிய, வெயில் ஏற முதல், ஒரு துளிச் சவுக்காரத்தோடை திருப்பித் துடைச்சன்.

பின்னேரம் கதவு திறந்து கிடக்கெண்டு நினைச்சு நேரை நடந்துபோய் இடிச்சது ஆர்?

நான் வர ஆறு மணியாகும்.

சறோஜா

நெற்றி வீக்கத்துக்கு எண்ணெய் மேசையிலை வைச்சிருக்கிறன். தடவுங்கோ, வீம்பு பிடிக்காதேங்கோ.

இன்னொண்டு. கதவிலை உங்கடை நெற்றி பட்ட அடையாளம் அப்பிடியே இருக்கு. துடைச்சுப் போடாதேங்கோ. அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டீங்களெல்லே, அதுதான்.