மெழுகுவர்த்திக்கு எரியும் நட்சத்திரம்

20 டிசம்பர் 1986, சனி

காலையிலிருந்து தூறல். ஒயரில் பற்றவைக்கும் ஈயம் சரியாக ஒட்டவில்லை. விரலில் கொப்புளம்.

கிறிஸ்மஸ் குடிலுக்கு மேலே காகித நட்சத்திரம், உள்ளே மூன்று டார்ச் பல்பு. குடிலுக்குள் வெளிச்சத்தை உணரும் சின்ன வில்லை. யாராவது கிட்டே வந்து நிழல் விழுந்தால் நட்சத்திரம் எரிய வேண்டும்.

அண்ணன்: "பொட்டப்புள்ளைக்கு இன்னாடி இந்த வேலை? கிறிஸ்மஸுக்குள்ள எரியலன்னா தையல் கிளாஸுக்குப் போயிடணும்."

"எரிஞ்சா?"

"ரேடியோ கடையில வேலைக்குக் கூப்டாங்கன்னியே, போ. நான் கேக்க மாட்டேன்."

நைனா பேப்பரை இறக்கவே இல்லை. நைனாவும் அவன் கட்சிதான்.

22, திங்கள்

பகலெல்லாம் அருமை. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா கையை நீட்டி நீட்டி எரியவிட்டுப் பார்த்தார். "மந்திரம் கிந்திரம் போட்டியா?"

சாயங்காலம் மானம் போனது. யாரும் கிட்டே போகாமலே எரிகிறது. இருட்டும் நிழல்தானே! பகலிலேயே சோதித்துப் பார்த்த மடச்சி நான்.

அது போதாதென்று சித்தி வந்து வழக்கம்போல குடில் முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நட்சத்திரம் பட்டென்று அணைந்தது.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏசுவுக்கு வெளக்கேத்துனா நட்சத்திரம் அவிஞ்சிபூடுது!"

அழவில்லை. அவன் முன்னால் அழவே மாட்டேன்.

23, செவ்வாய்

வாங்க: டார்ச் பேட்டரி 4, பசை, அம்மாவுக்கு வெல்லம்.

அண்ணன் தையல் கிளாஸ் பாரத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்தான். "பூர்த்தி பண்ணி வை. சித்திகிட்ட அந்த மெழுகுவர்த்திய வேணாம்னு சொல்லிடேன், கதை முடிஞ்சிது."

ஏன் சொல்லணும்? நாளைக்குத் தெருவே ஏற்ற வரும். ஏற்றட்டும்! வில்லையையும் ரெசிஸ்டரையும் இடம் மாற்றிவிட்டேன். இனி வெளிச்சம் பட்டால்தான் எரியும். ட்யூப்லைட் வெளிச்சம் படாமல் வில்லையைச் சுற்றிக் கறுப்புக் காகிதக் குழல்; வாய் மெழுகுவர்த்தியைப் பார்த்து.

நட்சத்திரத்தின் பின்பக்கம் கிழிந்துவிட்டது. ஒட்டியாயிற்று.

24, புதன்

ஆறரைக்குக் கரண்ட் போனது. அண்ணன்: "போச்சா? உன் நட்சத்திரமும் போச்சு."

பேட்டரி என்று நான் சொல்லவில்லை. அவனே தடவித் தடவிப் போய்க் குடில் முன் இருந்த மெழுகுவர்த்தியை ஏற்றினான்.

எரிந்தது. மூன்று பல்பும்.

ஊதினான், அணைந்தது. ஏற்றினான், எரிந்தது. தீப்பெட்டி பாதி காலி. நைனா எழுந்து வந்து, "நவுருடா, நான் ஏத்துறேன்" என்றார்.

அண்ணன் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தான். உள்ளே வெளிச்சம் இருந்ததால் ஒட்டுக் காகிதத்தின் எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"இது இன்னாடி, தையல் கிளாஸ் பாரம்?"

"ஆமா."

"எப்ப ஒட்டுன?"

"நேத்தே."