அம்மா பெயரில் ஒரு நெடுஞ்சாலை

தம்பி கார்னெலுக்கு,

நேற்று நகர மன்றத்தில் உன் காவலாளி இழுத்த இழுப்பில் என் கை இன்னும் கன்றியிருக்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே?

நம் மெக்காய் தெருவை இடித்து ஆறுவழிச் சாலை போட, கவுன்சிலரான நீ கை தூக்குவாய் என்று தெரியும். அதற்கு அம்மாவை ஏன் இழுத்தாய்? "இந்த ரோடு அப்பவே இருந்திருந்தா எங்கம்மா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி போயிருப்பாங்க" என்று மைக்கில் கண்கலங்கினாயே!

"எதுல போயிருப்பாங்கடா? நம்ம வீட்டுல ஏது காரு?" என்று நான் எழுந்து கேட்டேன். மண்டபமே சிரித்தது.

உடனே, "அந்தம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாய். உனக்குச் சோறூட்டி வளர்த்த அக்கா உனக்கு 'அந்தம்மா'!

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது பஸ் நிறுத்தத்தில். வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது. பக்கத்தில் நான்தான் நின்றேன், நீ இல்லை. கூடுதல் பஸ் கேட்டுத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினோம். பஸ்ஸுக்கென்று இருந்த பணத்தையும் நேற்று சாலைக்கே வாரிக் கொடுத்துவிட்டீர்கள். ஒரே ஓட்டு வித்தியாசம் என்றார்கள். அது உன் ஓட்டு.

ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிட வருகிறீர்கள் என்று உன் மனைவி போன் செய்தாள். நீ வருவதானால் பஸ்ஸில் வா. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைத்தான் போன வருஷமே நிறுத்திவிட்டாயே. அதனால் வராதே.

உன் அக்கா