கால் நறுக்கிய எல்.ஈ.டி விளக்குகள்

"இஞ்சாருங்கோ" என்று மட்டுமே நான் கூப்பிட்டுப் பழகிய என் அன்பானவரே,

உங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது ஏச வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் காது போன பிறகு, வாசல் படலையில் நின்று யார் கூப்பிட்டாலும் தெரியாதே என்று ஒரு பெட்டி செய்து தந்தீர்கள். படலையில் ஒரு பட்டன், அதை அமத்தினால் எரிய, நான் சமைக்கிற குசினிச் சுவரில் மூன்று சிவப்பு எல்.ஈ.டி விளக்குகள், நடுவில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் பலகை. பென்சன் எடுத்த மனிசன் வீடியோ பார்த்துப் பழகிச் செய்த முதல் வேலை. மன்னார் முழுக்கப் பெருமை பேசினீர்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி வைத்தீர்களா? அதுவும் எல்லா வயரும் கறுப்பு!

நீங்கள் போய் நாலாம் மாதம், உப்புக்காற்றில் கறள் பிடித்து விளக்குகள் நின்றுபோயின. அடுத்த கிழமை வவுனியாவிலிருந்து மகள் வந்து, படலைக்கு வெளியே ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றிருக்கிறாள். நான் உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேலி பாய்ந்து வந்து, உதடு பார்த்து எனக்கு விளங்கட்டும் என்று முகத்துக்கு நேரே நின்று கத்தினாள்.

"விழுந்து கிடக்கிறியளோ எண்டு பயந்திட்டன் அம்மா! சாமானைக் கட்டுங்கோ. இனி என்னோடதான் இருக்கிறியள்."

"ஒரு கிழமை, ஏழே நாள் தா பிள்ளை. நானே திருத்திறன்," என்றேன். இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவது?

உங்கள் பிஸ்கட் டின்னில் புது எல்.ஈ.டிகள் இருந்தன. மூன்றை எடுத்துப் போட்டேன். எரியவில்லை. கழற்றினேன், பூட்டினேன், மாதாவைக் கும்பிட்டேன். மூன்று நாளாய் இதே கூத்து. பலகைதான் செத்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, நீட்டுக் கால் பிளஸ், கட்டைக் கால் மைனஸ். இதில ரெண்டையும் ஆர் ஒரே அளவா வெட்டினது?"

ஆர்? நீங்கள்தான்! வடிவாய் இருக்க வேண்டுமென்று, நகம் வெட்டுகிற மாதிரி அத்தனையையும் நறுக்கி வைத்திருக்கிறீர்கள். நான் மூன்றையும் தலைகீழாய்ப் போட்டிருக்கிறேன். விளிம்பு தட்டையாய் இருக்கிற பக்கம் மைனஸ் என்று அவர் தடவிக் காட்டினார். வீட்டுக்கு வந்து மாற்றிப் போட்டேன். எரிந்தது. சந்தோஷத்தில் உங்களுக்கு இன்னும் இரண்டு ஏச்சு.

ஞாயிறு பூசை முடிய மகள் வந்து பட்டனை அமத்தினாள். நான் போய்ப் படலையைத் திறந்தேன். "சரியம்மா, இருங்கோ," என்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் வென்றது நான்.

நேற்றுப் பின்னேரம் விளக்கு எரிந்தது. சந்தைக்குப் போய் நீங்கள் திரும்புகிற நேரம். எல்லாம் மறந்துபோய், செருப்பும் போடாமல் ஓடினேன். படலையில் ஒரு கழுதை பட்டனோடு முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அதற்கும் ஏசினேன். பிறகு அதன் கழுத்தில் கை போட்டபடி றோட்டில் நின்று அழுதேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும்.

பட்டனைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டப் போகிறேன். இனி விளக்கு எரிந்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போவேன். ஓட மாட்டேன். சத்தியம்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனிசி,
மெற்றில்டா