கடிகாரம் சொன்னதும் நான் சொல்லாததும்

ஹார்பின்,
ஜனவரி, சனிக்கிழமை காலை.

அன்பு மகள் மான்மானுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வெலிங்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் இடது மணிக்கட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் அதுவும் கட்டுக்குள் இருக்கிறது, இரண்டு அர்த்தத்திலும். போனில் பேசாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அரை நிமிஷத்தில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், உனக்கும் என் நெற்றியைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை என்கிறாய். கடிதத்தில் குறுக்கே யாரும் பேச முடியாது. அதோடு நான் சொல்லப்போகும் விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் தைரியம் எனக்கில்லை. செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது, ஒன்றுமில்லை, கடிகாரம் உளறிவிட்டது, அம்மா அடுப்படியில் இருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா. அம்மா அடுப்படியில் இல்லை. எங்கே இருந்தாள் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது. பதறாதே, இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், குரலும் நன்றாகவே கேட்கிறது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ அனுப்பிய கைக்கடிகாரம் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைனஸ் இருபத்தைந்து குளிரில் கோட்டின் இடது கையை மட்டும் மடித்துவிட்டுக்கொண்டு போகிற ஒரே மனிதன் இந்த ஊரில் நான்தான். மெட்ரோவில் ஏறினால் காலி இடம் இருந்தாலும் உட்காருவதில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தானே நாலு பேர் கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான் நின்றேன். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, “தாத்தா, நீங்க உக்காருங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாடப் போகிறவன், என்னைப் போய்த் தாத்தா என்கிறாளே என்று, “வேண்டாம்மா, எனக்கு நின்னாதான் பழக்கம்” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்த நேரம் பார்த்து வண்டி பிரேக் போட்டது. நான் நேராகப் போய் எதிரே இருந்த ஒரு பருமனான அம்மாளின் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா கொஞ்சமும் அசரவில்லை. “பெரியவரே, அந்தப் பொண்ணு குடுத்த சீட்டு பிடிக்கல, என் மடிதான் பிடிச்சுதா?” என்று கேட்க, பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

சறுக்கி விளையாட என்று எழுதிவிட்டேனே, அதையும் சொல்லியாக வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அம்மா கட்டட வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது உனக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, பயம் கூடிக்கொண்டே போனது. நவம்பரில் தரை உறைந்தால் ஏப்ரல் வரை வாசற்படி தாண்டமாட்டாள். சந்தைக்கு நான், மருந்துக் கடைக்கு நான். எனக்கும் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு, ஆற்றுக்குப் போகலாம், வேடிக்கை பார்க்கலாம், காலில் ஸ்கேட்டிங் ஷூ மட்டும் ஏறக்கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஷூவை நாலாவது மாடி குவான் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டேன். அறுபது தாண்டிய மனிதன், பள்ளிக்கூடத்தில் பீடி பிடிக்கிற பையனைப் போல.

குவானை உனக்கு ஞாபகம் இருக்கும், டிராம் ஓட்டியவர், மனைவி போனபிறகு குளிர்காலம் முழுக்க ஆற்றின் மேலேயே கிடப்பவர். ஐஸில் பம்பரத்தைச் சாட்டையால் அடித்துச் சுழற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அன்றைக்கு அவர் அடித்த அடியில் பம்பரம் தேனீபோல் பாட, சுற்றிலும் கூட்டம். எனக்குப் பொறுக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, “குவான், ஒத்தைக் கால்ல பின்பக்கமா ஒரு சுத்து வரேன், பாருங்க” என்றேன். “தோங் வாத்தியாரே, வேணாம், வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது” என்றார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனைக்கே அப்படியென்றால் இந்த ஆட்டுக்குட்டி எம்மாத்திரம். அரைச் சுற்றுகூட வரவில்லை. தொப்பி ஒரு திசை, கண்ணாடி ஒரு திசை, நான் மூன்றாவது திசை. குவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கை சுளீர் என்றது. அதைவிட மானம் போனதுதான் வலித்தது. அப்போது பார்த்து நீ அனுப்பிய கடிகாரம் மணிக்கட்டைக் குடைந்து, நீங்கள் பலமாக விழுந்ததாகத் தெரிகிறது, நலமா என்று கேட்டது. குவான் ஒருவர் சிரித்தது போதாதென்று இது வேறா என்று கோபம் வந்தது. கண்ணில் கண்ணாடி இல்லை, கையில் கரடித்தோல் மாதிரி உறை. அதன் வாயை மூடினால் போதும் என்று அழுத்தினேன். நலமில்லை என்பதைத்தான் அழுத்தியிருக்கிறேன். அது உனக்குத் தகவல் அனுப்பிய கையோடு, வெளிப்பையில் வைத்திருந்த என் போன் குளிரில் உயிரை விட்டது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வெப்பவியல் பாடம் நடத்தியவன் நான். குளிரில் பேட்டரி என்ன ஆகும் என்று பரீட்சையில் கேள்வியே கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. குவானிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தேடியதில் கண்ணாடி கிடைத்தது, தொப்பியைக் காற்று எங்கோ கொண்டுபோய்விட்டது. கழுத்துத் துணியைத் தலையில் சுற்றி முகவாயில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மெட்ரோ நிலையம் போனால், வாசல் திறக்க போன் வேண்டும். சீட்டு கொடுக்கும் பெண், “சில்லறை இருந்தா குடுங்க தாத்தா, சீட்டு தரேன்” என்றாள். நான் கடைசியாகச் சில்லறையைப் பார்த்தது எந்த வருஷமோ. ஓரத்தில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி ஒன்று நின்றது. அந்தப் பெட்டியைத் திறப்பதற்கும் போன் வேண்டுமாம், அதுவும் உயிருள்ள போன். பக்கத்தில் நின்ற யாரிடமாவது உதவி கேட்டிருக்கலாம். உன் அப்பா கேட்பானா. நடந்தே வீடு வந்தேன்.

கதவைத் திறந்தால் வீடு அமைதியாக இருந்தது. அடுப்படியில் கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு பாதியில் கிடந்தது, மேலே அம்மாவின் விரல் தடம். வாசலில் அவளுடைய பனிக்கால பூட்ஸ் இல்லை. இரண்டு வருஷமாக அசையாமல் கிடந்த பூட்ஸ், மான்மான். அதற்குள் வீட்டுச் சூட்டில் என் போன் தானாக உயிர் பெற்று, நீ கூப்பிட்டது, அம்மா கூப்பிட்டது, மறுபடி நீ கூப்பிட்டது என்று வரிசையாகக் கத்தத் தொடங்கியது. அம்மா குரலில் ஒரு செய்தியும் இருந்தது, “கிழவா, ஆத்துல விழுந்துட்டியாமே, மான்மான் சொல்றா. எழுந்திரிக்காத, அப்படியே கிட, நான் வரேன்.” அவளைக் கூப்பிட்டேன். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் அவள் போன் மணியடித்தது. அந்த நேரம்தான் நீ கூப்பிட்டாய். நீ அழுதுகொண்டே பேசினாய், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அந்த நிலையில் அம்மாவைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வேன். பொய் சொன்னேன். இடுப்பு ஒட்டவைத்த ஒரு பெண் தனியாக, போன் இல்லாமல், உறைந்த ஆற்றின் மேல். நான் ஷூ மாட்டி ஆடியதற்கு அவள் விழுந்து கிடக்கப் போகிறாளே என்று நினைத்தேன்.

போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி மெட்ரோ. இந்த முறை யாரோ இடம் கொடுத்தார்கள், நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்தேன். ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தால், குளிரில் நீந்துகிறவர்களுக்காக ஐஸை வெட்டி வைத்திருக்கும் அந்தக் குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். நெருங்கினேன். முதலில் காதில் விழுந்தது அம்மாவின் குரல். என் ஆயுளில் அவள் திட்டுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நடந்தது இதுதான். வீட்டில் கிடந்த சில்லறையை எல்லாம் டாக்ஸிக்குக் கொடுத்து ஆற்றங்கரை வந்திருக்கிறாள். நடக்கப் பயந்து, ஐஸில் தள்ளி விளையாடும் சறுக்கு நாற்காலி ஒன்றை வாடகைக்காரரிடமிருந்து பறித்துக்கொண்டு, அதையே ஊன்றிப் பிடித்துத் தள்ளியபடி என்னைத் தேடியிருக்கிறாள். குளத்தின் விளிம்பில் என் தொப்பி கிடந்திருக்கிறது. அவ்வளவுதான், நான் தண்ணீருக்குள் போய்விட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். சிவப்பு ஜட்டியோடு உடம்பெல்லாம் ஆவி பறக்க நின்ற ஒரு பெரியவர், “அம்மா, கீழ யாரும் இல்ல, நானே ரெண்டு தடவ முங்கிப் பார்த்துட்டேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். “மூணாவது தடவ முங்குனா என்ன கொறஞ்சுடும்? நனையறதுக்கு உன் உடம்புல துணியா இருக்கு?” என்று அம்மா கேட்டாள். பக்கத்தில் குவான் ஐஸில் உட்கார்ந்து, “நான்தான் சிரிச்சேன், நான்தான் அவரத் தனியா விட்டேன்” என்று குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நாற்காலிக்காரர் மட்டும் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தார்.

நான் தலையில் துணி முடிச்சோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், “ஷூஃபென், நான் இங்க இருக்கேன்” என்றேன். அம்மா திரும்பினாள். முடிச்சை அவிழ்த்தாள், தொப்பியை என் தலையில் வைத்துக் காது மூடும்வரை இழுத்துவிட்டாள், அதற்குப் பிறகுதான் அடித்தாள். நல்ல அடி. சிவப்பு ஜட்டிக்காரர், “இன்னும் ரெண்டு என் கணக்குல போடுங்கம்மா” என்றார். அடித்து முடித்ததும் அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

டாக்ஸி பிடிக்கிறேன், வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். பிள்ளைகள் சறுக்குமரத்தில் கூச்சலிட்டுக்கொண்டு இறங்கினார்கள், யாரோ ஒருத்தி குச்சியில் கோத்த சர்க்கரைப் பழம் விற்றுக்கொண்டு போனாள். அம்மா, “தள்ளு” என்றாள். நான் ஒரு கையால் தள்ளினேன், இன்னொரு பக்கம் குவான் மூக்கைத் துடைத்துக்கொண்டே தள்ளினார். போகப்போக அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள், “ரெண்டு வருஷமா விழுந்துடுவேன், விழுந்துடுவேன்னு உள்ளேயே உக்காந்திருந்தேன். நீ விழுந்துட்டேன்னு கேட்டதும் எனக்கு அந்த நெனப்பே வரல பாரு.” நான் ஷூ ஒளித்து வைத்ததைச் சொல்லிவிட்டேன். “அது போன வருஷமே தெரியும், குவானுக்கு ரகசியம் தங்குமா” என்றாள். குவான் வேறு பக்கம் பார்த்தார்.

இவ்வளவுதான் நடந்தது. மணிக்கட்டு எலும்பில் சின்னக் கீறல்தானாம், வைத்தியர் கட்டுப்போட்டு, இந்த வயதில் எப்படி விழுந்தீர்கள் என்றார். படிக்கட்டு என்று நான் சொல்வதற்குள் அம்மா முழுக்கதையும் சொல்லிவிட்டாள்.

இப்போது முக்கியமான விஷயம். நீ வேலையை விடாதே, மான்மான். நீ அழுதது நாலு நாளாக என் காதிலேயே இருக்கிறது. அந்த ஆய்வகத்துக்குப் போவதற்கு நீ எத்தனை வருஷம் கண்விழித்துப் படித்தாய் என்று எங்களுக்குத் தெரியும், அதை உன் அப்பாவின் அரைச் சுற்றுக்காக மூட்டை கட்ட வேண்டாம். உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று சொல்லவில்லை, ஆசை இல்லாத நாளே கிடையாது. ஆனால் பயந்துகொண்டு வராதே. விடுமுறை போட்டு, புத்தாண்டு வசந்த விழாவுக்குச் சிரித்துக்கொண்டு வா, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நாங்கள் விழாமல் இருப்போம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. விழுந்தால் தேடி வருவதற்கு ஒருவருக்கொருவர் இருக்கிறோம், இனி மறைக்காமல் உன்னிடம் சொல்வோம், இவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு.

அங்கே கோடைகாலம், வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே, மாப்பிள்ளை சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடு. இருவரும் மனம் ஒத்து, நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட நாள் வாழவேண்டும்.

மறந்துவிட்டேன், வருவதானால் முன்கூட்டியே சொல். அன்றிலிருந்து அம்மா காலைக் கஞ்சி முடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பகலில் வந்தால் வீடு பூட்டியிருக்கும், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராக ஆற்றுக்கு வந்துவிடு.

உன் அன்பு அப்பா,
தோங் தேலின்