ஒரே ஐ.பி. எண்

ஆகஸ்ட் 4, திங்கள்
ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட இரண்டு துண்டு போன இடம் தெரியவில்லை. சனிக்கிழமை மாணவர்கள் வீட்டிலிருந்து எழுதிய ஆன்லைன் தேர்வு, திருத்தி முடித்தாயிற்று. யார் எந்த இணைப்பிலிருந்து எழுதினார்கள் என்ற பட்டியலும் வந்தது. ரஞ்சனி, ஸ்ரீரங்கம். பிரபு, காட்டூர். நடுவில் ஆறே ஓடுகிறது. இணைய இணைப்பைக் காட்டும் ஐ.பி. எண் மட்டும் இருவருக்கும் ஒன்று. ஆக, ஒரே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். யார் வீட்டில்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்
வகுப்பு முடிந்ததும் இருவரையும் நிறுத்தினேன்.
"எங்க வீட்லதான் மேம் எழுதினேன்" - ர.
"நானும் எங்க வீட்லதான்" - பி.
ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. அதுதான் உறுத்தியது. என் காதில் பூ சுற்றுகிறார்கள்.
சாயங்காலம் ர. அப்பாவுக்குப் போன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாழைப்பழக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை அவரும் மனைவியும் கடையில், பெண் மட்டும் வீட்டில். ஒரு பையனோடு சேர்ந்து எழுதியிருக்கிறாள் என்றேன். "யாரு டீச்சர் அந்தப் பையன்?" பெயரைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ. இல்லை, சரிதான்.
வாங்க வேண்டியவை: பால், தோசை மாவு, கடிகார பேட்டரி.

ஆகஸ்ட் 6, புதன்
ர. வரவில்லை. பயந்துவிட்டாள். அப்போ உண்மைதான். துறைத்தலைவரிடம் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
இன்றும் ர. இல்லை. வீட்டில் நெட் போய்விட்டது. நெட் கம்பெனி ஆள் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டார்.
"இனிமே வேற ஐ.பி. வரும் மேடம்."
எனக்கென்று ஒன்று கிடையாதா?
"தனியா கேட்டு வாங்கினாத்தான். இல்லன்னா ஒரே நம்பர்ல ஏகப்பட்ட வீடு போவும்."
ஸ்ரீரங்கமும் காட்டூருமா?
"ஒரே கம்பெனி லைன்னா வரலாம் மேடம்."
யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ? அவர் போனதும் பட்டியலைத் திறந்தேன். முதல் வரி, தேர்வைத் தொடங்கிவைத்த ஆசிரியர். என் பெயர். திருவானைக்காவல், என் வீட்டு இணைப்பு. அதே எண். என் கணக்குப்படி நாங்கள் மூவரும் ஒரே அறையில்.
அன்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
காற்று நிற்கவில்லை. துறைத்தலைவரிடம் என் தப்பு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. பிரபுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்." முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.
பிறகு ர. அப்பாவின் கடைக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன்.
"அன்னிக்கே அடிச்சுட்டேன் டீச்சர். வீட்லதான்ப்பா இருந்தேன்னு ஒரு தடவைதான் சொன்னா. அதுக்கப்புறம் எங்ககூட பேசவே இல்ல. நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க."
வருகிறேன் என்றேன். சேலை மாற்றியாயிற்று. அரை மணி நேரமாகச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.