பெரியவர் ஃபைல் முதலில்

1988 மார்ச் 14, திங்கள்

வெயில். ஆட்டையாம்பட்டி மில்லில் இந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி. பஞ்சுத்தூசி எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. மூக்கடைப்பு.

வேலை: எனக்கு மேலே இருக்கும் ராஜேந்திரன் (இனி ரா.) எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது மெஷினுக்கான கட்டளை வரிசையை, சீர்படுத்துவது. ஷிஃப்ட் போடும் புரோகிராமில் எந்தெந்தப் பகுதி சேர வேண்டும் என்று இரண்டு ஃபைல்கள் சொல்கின்றன. ஒன்று, இந்த யூனிட்டுக்கு முதலாளி, பெரியவர், எழுதச் சொன்னது. மற்றது, எடப்பாடி யூனிட்டுக்கு அவர் தம்பி, சின்னவர், சொன்னது. ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒன்றாக்கும். அதிலிருந்து கம்பைலாகி உருவாகும் ஒரே புரோகிராம்தான் இரண்டு யூனிட்டுக்கும். ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறதாம். "வேகமா ஓடற மாதிரி பண்ணு, போதும்" என்றார் ரா.

மதியம், கேட் டீக்கடை. ரீலிங் பிரிவு சரோஜா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் தட்டினாள்: "ஏ புள்ள, டீ ஆறுது. ஊட்டுக்குப் போய்த் தூங்கு."

"ஊட்டுக்கு எங்க போறது. மறுக்காவும் அடுத்த ஷிஃப்டுல பேரு வந்திருக்குது." என்னைப் பார்த்துவிட்டாள். "ஏனுங்க, உங்க மெஷினுக்கு எம்பேரு மட்டுந்தான் தெரியுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆனால் பொங்கலன்று மேடையில் பெரியவர் சொன்னார்: "நம்ம மில்லுல ஒருத்தரும் சேந்தாப்பல ரெண்டு ஷிஃப்ட் பாக்க வேண்டியதில்ல." கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

மார்ச் 15, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

பெரியவர் ஃபைலில், இரட்டை ஷிஃப்ட் தடுப்பு: வேண்டும். சின்னவர் ஃபைலில்: வேண்டாம். ஸ்கிரிப்ட் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறது. ஒரே பகுதியின் பெயர் இரண்டு முறை வந்தால் பின்னால் வந்ததை வைத்துக்கொள்கிறது. முன்னது போய்விட்டதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பெரியவர் ஃபைல் முன்னால். மரியாதைக்காக.

ரா.விடம், வரிசையை மாற்றிவிடலாமா என்றேன்.

"பெரியவரு ரெண்டாவதா? கலியாணப் பத்திரிகையில அப்படி அடிப்பியா நீ?"

"பின்னால இருக்கறதுதாங்க நிக்குது."

"நிக்கட்டும். முன்னால யாருங்கறதுதான் கண்ணுக்குத் தெரியும்."

கோவையில் நான்கு வருடம் படித்தேன். இதற்கு ஒரு பாடம் இருக்கவில்லை.

தலைவலி மாத்திரை வாங்க மறந்தேன்.

மார்ச் 16, புதன்

புது ஸ்கிரிப்டை எழுதி முடித்தேன். வரிசையைத் தொடவில்லை. இரண்டு ஃபைலும் மோதினால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். எந்த வரி, யாருடையது, எது எதை அழிக்கப் பார்க்கிறது என்று சொல்லும். ஃபைலில் கேட்டது கடைசியில் புரோகிராமில் வந்து சேர்ந்ததா என்றும் பார்க்கும்.

அழகாக வந்திருக்கிறது. சந்தோஷம். சரோஜாவின் தூக்கம் கெட்டதில் கிடைத்த சந்தோஷம் என்று அதன் மேல் கொஞ்சம் அருவருப்பும்.

ஓட்டினேன். நின்றது. கேன்டீன் நேரம், வார லீவு, இரட்டை ஷிஃப்ட். எல்லாவற்றிலும் தோற்றவர் பெரியவர்.

மார்ச் 17, வியாழன்

ஸ்கிரிப்ட் நின்றதால் ஷிஃப்ட் தாள் வரவில்லை என்று பெரியவரே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் இந்த அறைக்குள் வருவார், கோயில் மாதிரி. மோதல்கள் அச்சான தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"தம்பி வேணும்னு பண்ணுனதா சாமி?"

"இல்லைங்க. அவருக்குத் தெரியாதுங்க. மெஷின் படிக்கற வரிசைங்க."

முகம் தெளிந்தது. காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"எடப்பாடியில ஆளு பத்தலைங்கறான். இதுல நாங் கைய வெச்சா அவன் மொகத்தத் தூக்கி வெச்சுக்குவான். புள்ள கலியாணம் வேற வருது." தாளை மடித்தார். "நாஞ் சொன்னது எம் ஃபைல்ல அப்படியே இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. ஆனா வேலை செய்யலைங்க."

"இருக்குதில்ல. இப்படி நின்னு நின்னு கேள்வி கேக்கறத மட்டும் எடுத்துரு சாமி."

எனக்குப் பின்னால் ரா. "ஆகட்டுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அதை இங்கே எழுதி என்ன பிரயோசனம்.

மார்ச் 18, வெள்ளி

எடுத்துவிட்டேன். மோதலைப் பார்க்கும் வரிகள் போனதும் ஸ்கிரிப்ட் முன்பைவிட வேகம். ரா. முதுகில் தட்டி, "இதத்தான சொன்னேன்" என்றார். வேலை நிரந்தரமாகலாம்.

காற்றே இல்லை. அடுத்த வாரத்து ஷிஃப்ட் தாள் அச்சாகிக்கொண்டிருக்கிறது. கிழித்து போர்டில் ஒட்ட வேண்டியது நான்.

சரோஜா, ரீலிங், முதல் ஷிஃப்ட்.

சரோஜா, ரீலிங், இரண்டாம் ஷிஃப்ட்.