மார்ட்டினுக்கு என்ன அவசரம்

ஜூலை 3, வியாழன்
கல்லூரியில் இரண்டு லேப் வகுப்பு எடுத்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மார்ட்டினின் மெயில். ‘சல்லடை’யின் புதிய பதிப்பு எப்போது வரும் என்கிறான். டேட்டாபேஸைக் கேட்டு வேண்டியதை எடுத்துத் தரும் புரோகிராம் லைப்ரரி; ஓப்பன் சோர்ஸ், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், ஆகவே எனக்குச் சம்பளம் கிடையாது, எங்கெங்கோ இருந்து இதைப் பயன்படுத்தும் கம்பெனிகளின் அதிகாரம் மட்டும் உண்டு. மார்ட்டின் யாரென்று தெரியாது; ஏதோ வெள்ளைக்காரன் என்று நினைப்பு. ஆறு மாதமாகத் திருத்தங்கள் அனுப்புகிறான். ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் இடிக்கிறது.

ஜூலை 5
வெளியீட்டுச் சாவி – புதிய பதிப்பை ஏற்றும் பாஸ்வேர்ட் – தனக்கும் ஒன்று வேண்டுமாம். கேட்பான் என்று தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்
அந்தச் சாவி இருந்தால் என் கண்ணில் படாமலே எதையும் உள்ளே நுழைத்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். மூன்று வருடம் முன்பு பிரபாகர் அப்படித்தான் செய்தான். கூடப் படித்தவன், சேர்ந்து இதை ஆரம்பித்தவன் – என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பதிப்பை வெளியிட்டான். எத்தனையோ கம்பெனிகளின் வேலை அன்று நின்றது. வசவு முழுக்க எனக்கு. சாவியைப் பிடுங்கினேன், பேச்சையும் நிறுத்தினேன்.
இந்த மார்ட்டினோ 16ஆம் தேதிக்குள் வெளியிடுங்கள் என்று நச்சரிக்கிறான். ஏன் 16? காரணம் சொல்வதில்லை. நல்லது செய்ய வந்தவனுக்கு என்ன அவசரம்?

ஜூலை 11, வெள்ளி
என் வீட்டுக்காரரின் புது ரிக் லாரி, போர் போடும் வண்டி, இன்னும் பட்டறையில். சாப்பிடும்போது போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்: “பதினாறுக்குள்ள வண்டி கைக்கு வரோணுங்க. ஆடி பொறந்துட்டா பூசை போட முடியாது. அப்பறம் ஆவணிதான்.”
சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன்.
“ஏம்புள்ள, கொழம்பு கரிக்குதா?” என்றார்.
வெள்ளைக்காரனுக்கு ஆடி எதற்கு?

ஜூலை 12
மார்ட்டினுக்கு எழுதினேன்: 16 முடியாது, 20 சரியா? உடனே பதில். அப்படியானால் ஆகஸ்ட் 17க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமாம். காலண்டரைப் பார்த்தேன். ஆவணி ஒன்று.
நம்மூர்க்காரன்தான். சல்லடையின் உள்ளே இவ்வளவு தெரிந்த நம்மூர்க்காரன் ஒருத்தன்தான் உண்டு. வேற பேர்ல வந்து சாவியத் தூக்கப் பாத்தானா?

ஜூலை 13, ஞாயிறு
ராசிபுரத்தில் பஸ் மாறி அவன் ஊரான வெண்ணந்தூருக்கே போனேன். பிரபாகர் மறுக்கவில்லை. உள்ளே வரச் சொன்னான். நான் உட்காரவில்லை.
“எதுக்குடா இந்த வேசம்?”
“எம்பேர்ல அனுப்புனா நீ படிக்காமயே மூடிடற. ஒரே வரி ரெண்டு தடவ வர்ற கோளாறுக்குப் போன வருசமே திருத்தம் அனுப்புனேன்.”
“சாவி எதுக்கு?”
“அது ஆசதான். நானும் சேந்து ஆரம்பிச்சதுதான?”
“ஆடி?”
கொஞ்சம் தயங்கினான். “மூணு வருசத்துக்கு முந்தி நான் உட்டது ஆடியிலதான். என்னாச்சுன்னு பாத்தீல்ல.”
சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. நம்பவும் இல்லை.

ஜூலை 14
தேடி எடுத்தேன். மார்ட்டின் பேரில் வந்தபோது நான் பாராட்டி ஏற்றுக்கொண்ட அதே திருத்தம். போன வருடம் பிரபாகர் பேரில் வந்து, படிக்காமல் மூடப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்து மாறவில்லை.
எனக்கே என்மேல் கோபம்.

ஜூலை 19, சனி
ஆனாலும் அவன் அனுப்பிய எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். கள்ளம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ?

ஜூலை 21
புதிய பதிப்பை வெளியிட்டேன். ஆடிதான், இருக்கட்டும். எங்கும் எதுவும் நிற்கவில்லை. நன்றிக் குறிப்பில் மார்ட்டினை எடுத்துவிட்டுப் பிரபாகர் என்று போட்டேன். சாயங்காலம் வரை யோசித்து, சாவியும் கொடுத்தேன்.

ஜூலை 22
பிரபாகரிடமிருந்து ஒரு வரி: “விளக்கத்துல ஒரு கமா உட்டுப்போச்சு. சரி பண்ணி வெளியிடட்டுமா?”
கேட்டிருக்கிறான்.
பார்க்காமலே ‘சரி’ என்று அனுப்பினேன். அப்புறம் போய்ப் பார்த்தேன். கமாதான்.